ஒழுக வேண்டிய பெட்டி

போன மாதம் எங்கள் பட்டறைக்கு ஒரு லாரி நிறைய அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றுக்குள்ளும் காய்கறி வளர்க்கும் பெட்டி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. பார்க்க மரம் மாதிரி, தொட்டால் பிளாஸ்டிக். நாலு பக்கமும் நிமிர்த்தி எட்டு ஸ்க்ரூ முடுக்கினால் வேலை முடிந்தது.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. ஆனாலும் கை அரிக்கும்போதெல்லாம் பட்டறைக்குப் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அன்றும் உட்கார்ந்திருந்தேன். பெட்டிகளுக்கு மண் கலக்குகிற வசந்தி அந்தப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை மாட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பத்து நிமிசம்கூட ஆகல. நீங்க ஒரு பெட்டிக்கு முழுசா ஒரு நாள் எடுத்துக்குவீங்களே, அப்புடி என்னதாண்ணே செஞ்சீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. சோறு போட வந்த என் மனைவி பாக்கியத்திடம் அந்தக் கோபத்தைக் காட்டப் பார்த்தேன். அவள் மசியவில்லை.

"கேட்டது வசந்தி. அவளுக்கு எழுதிக் குடுங்க. என்னைய எதுக்கு மொறைக்கிறீங்க?"

எழுதுகிறேன். வசந்திக்குப் பாதிக் கதை தெரியும். மீதியை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் பிறவித் தோட்டக்காரன் இல்லை. இருபத்தாறு வருடம் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். வீட்டுக்குத் தளம் போடும்போது கான்கிரீட்டைத் தாங்குவதற்குக் கீழே பலகை அடித்து முட்டுக் கொடுப்போமே, அந்த வேலை. முதல் மூன்று வருடம் பலகை சுமந்தேன், அடுத்த மூன்று வருடம் ஆணி பிடுங்கினேன், அதன் பிறகு மேஸ்திரி ஆனேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

சென்ட்ரிங்காரனுக்கு ஒரு விசித்திரமான தலையெழுத்து உண்டு. கொத்தனார் கட்டிய சுவர் நிற்கும், ஆசாரி செய்த கதவு நிற்கும். நாங்கள் அடித்த பெட்டியை மட்டும் தளம் இறுகியதும் நாங்களே பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். புதுமனை புகுவிழாவுக்கு யாரும் எங்களைக் கூப்பிட்டு இதை நீதான் செய்தாய் என்று சொன்னது கிடையாது. ஆனால் எங்களுக்குள் ஒரு பெருமை உண்டு. கான்கிரீட் கொட்டும்போது பலகைச் சந்து வழியாக ஒரு சொட்டு சிமெண்டுப் பால்கூட ஒழுகக் கூடாது. ஒழுகினால் தளத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும், மேஸ்திரியின் மானம் போகும். அதனால் சந்துக்குச் சந்து பழைய பேப்பரைத் திணிப்போம், களிமண் பூசுவோம். தளம் போட்டு முடித்ததும் கீழே குனிந்து பார்ப்பேன். தரை காய்ந்து கிடந்தால் அன்றைக்கு எனக்கு ஒரு டீ கூடுதல்.

பிறகு பலகை போய் இரும்புத் தகடு வந்தது. தகட்டைத் தூக்க முதுகு ஒத்துழைக்கவில்லை. வேலை தேடிக்கொண்டிருந்தபோதுதான் ரோஸ்லின் மேடம் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

ரோஸ்லின் மேடத்துக்குச் சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். வேளாண்மை படித்துவிட்டு, சம்பளத்துக்குப் போகாமல், திருக்கோகர்ணத்தில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து வீட்டுத் தோட்டம் போட்டுக்கொடுக்கும் தொழில் தொடங்கியிருந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது, எனக்கு ஐம்பது. எங்கள் மாவட்டத்தில் பாதி இடத்தில் ஒரு முழம் தோண்டினால் செம்புறாங்கல் வந்து கடப்பாரை குதிக்கும். கடற்கரைப் பக்கம் போனால் மணலும் உப்பும். அதனால் தோண்டவே வேண்டாம், தரைக்கு மேலே மரப்பெட்டி அடித்து அதில் நல்ல மண்ணை நிரப்பி அங்கேயே பயிர் வைப்போம் என்பது அவர் திட்டம்.

"பெட்டி அடிக்க ஆள் வேணும். ஆசாரிங்க எல்லாம் கட்டில் செய்யற மாதிரி இழைக்கிறாங்க. எனக்கு அவ்வளவு நகாசு வேணாம். மண்ணோட பாரம் தெரிஞ்ச ஆளு வேணும்" என்றார்.

பாரமா? பாரத்தைத் தாங்குவதுதானே என் பிழைப்பு. அன்றே சேர்ந்துவிட்டேன்.

மேடத்தின் குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் திட்ட மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். சாதாரணமாக 'மேஸ்திரி' என்பார். கொஞ்சம் கோபம் என்றால் 'மேஸ்திரிங்க'. நிஜமாகவே கொதித்தால் 'ஐயா'. அந்த 'ஐயா'வை வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே கேட்டேன். வீட்டில் சும்மா கிடந்த பழைய சென்ட்ரிங் பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் வாயெல்லாம் பல்லாக இறக்கினேன். அவர் ஒரு பலகையை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுல என்ன தடவுவீங்க?"

"கான்கிரீட் ஒட்டாம இருக்க வண்டியோட கழிவு ஆயில் தடவுவோம் மேடம். கரையான் கிட்டயே வராது."

"ஐயா, இதுல கீரை வெளைஞ்சா நீங்க சாப்பிடுவீங்களா?"

பலகைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மரத்தை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். தைலமரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஈரப் பலகையை அடித்தால் ஒரு சித்திரை வெயிலில் அப்பளமாக வளையும். நாங்கள் வேப்பம் பலகைக்கு வந்தோம். ஒன்றரை அங்குல கனம், நிழலில் ஆறு மாதம் அடுக்கிக் காயவைத்தது. மூலைக் கால்களுக்குக் கருவேலங்கட்டை. மண்ணைத் தொடும் கால்களுக்கு மட்டும் ஆலங்குடிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெயைத் தடவுவோம். கரையானுக்கு அதைவிடக் காவல் கிடையாது. ஆனால் கையில் பட்டால் தோல் உரியும். துணி சுற்றிய குச்சியால்தான் தடவ வேண்டும். ஸ்க்ரூ போடும் முன் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் வேம்பு நுனியில் பிளக்கும். எட்டடி நீளப் பெட்டி என்றால் நடுவில் குறுக்கே ஒரு கட்டை கட்டாயம். நனைந்த மண் பலகையை வெளியே தள்ளும் தள்ளு லேசுப்பட்டது இல்லை. வசந்தி, பத்து நிமிடத்துக்கு மேல் என்ன செய்தேன் என்று கேட்டாயே, இதைத்தான் செய்தேன்.

நிரப்புவது வேறு கலை. அதை மேடமும் வசந்தியும் பார்த்துக்கொள்வார்கள். அடியில் தேங்காய் மட்டை, நார்ப் பக்கம் மேலே பார்த்தபடி. அதன் மேல் காய்ந்த இலை. அதற்கு மேல் கலவை மண்: செம்மண் இரண்டு கூடை, நன்றாக மட்கிய எரு ஒரு கூடை, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவிய தென்னை நார்த்தூள் ஒரு கூடை. கலந்ததும் மேடம் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடிப்பார். விரித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், கட்டைவிரலால் தொட்டால் பொலபொலவென்று உதிர வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் எரு, உதிராவிட்டால் இன்னும் நார்த்தூள். அவர் சரி என்று தலையாட்டும்வரை வசந்தியின் மண்வெட்டி ஓயாது. நிரப்பிய பிறகும் உடனே விதைக்க விடமாட்டார். ஒரு வாரம் தண்ணீர் தெளித்தால் மண் நாலு விரற்கடை இறங்கும். அதை மறுபடி நிரப்பிய பிறகுதான் விதை.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதில் பொறுமை கிடையாது. எல்லோருக்கும் கண்மாய் வண்டல்தான் தெய்வம். மணமேல்குடியில் ஒரு வீட்டுக்காரர், எங்களை அனுப்பிவிட்டு, கலவையை ஓரமாகக் கொட்டிவிட்டுப் பெட்டி நிறைய வண்டலை அடித்து நிரப்பினார். வயலில் பரப்பினால் வண்டல் பொன். பெட்டிக்குள் அடைத்துத் தண்ணீர் விட்டுக் காயவிட்டால் செங்கல். பத்து நாள் கழித்து நான் கடப்பாரையோடு போய் அதை உடைத்தேன். "மேஸ்திரி, இதை வச்சு இன்னொரு ரூம் கட்டிரலாமுல்ல" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அந்த வேலைகளெல்லாம் எனக்குத் திருவிழா மாதிரி. அடித்த பெட்டியைப் பிரிக்காமல் விட்டுவிட்டு வருவது என்பதே முதல் இரண்டு வருடம் எனக்குப் பழக்கப்படவில்லை. வேலை முடிந்து வண்டியில் ஏறியதும் எதையோ மறந்துவிட்டு வந்தது போல் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

இந்தப் பெட்டிகளுக்கெல்லாம் அடிப்பலகை கிடையாது. நாலு பக்கமும் பலகை, அடியில் தரை. தண்ணீர் தானாகத் தரைக்குள் இறங்கிவிடும். நான் பலகைச் சந்துகளை எவ்வளவு இறுக்கமாக அடைத்தாலும் ஒரு கெடுதலும் வரவில்லை. அதனால்தான் என்னிடம் இருந்த கோளாறு ஆறு வருடம் வெளியே தெரியவில்லை.

அந்த வருடம் வைகாசி பிறக்கும் முன்பு முத்துலெட்சுமி அக்காள் எங்களைக் கூப்பிட்டார்.

திருமயத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். முத்துலெட்சுமி அக்காள் அங்கே முப்பது வருடமாக நாற்று விட்டு விற்றவர். மிளகாய், தக்காளி, எல்லாவற்றுக்கும் மேலே கத்தரி. அந்தக் கத்தரி வெளியே எங்கும் கிடைக்காது. ஊதாவில் வெள்ளைக் கீற்று ஓடும், குட்டையாகக் குண்டாக இருக்கும், சமைத்தால் வெண்ணெய். ஒவ்வொரு வருடமும் நல்ல காயாகப் பார்த்துப் பழுக்கவிட்டு அவரே விதை எடுப்பார். சந்தையில் அதை 'முத்துலெட்சுமி கத்தரி' என்றே கேட்டு வாங்குவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. உள்ளே தகடு வைத்திருந்தார்கள். நிற்கலாம், கோல் ஊன்றி நடக்கலாம், குத்தவைக்கக் கூடாது. குத்தவைக்காமல் எப்படி நாற்றுவிடுவது? இரண்டு வருடமும் நாற்றங்கால் காய்ந்தது. கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்திருக்கிறார். அவர் வாய்க்கு ஒருவரும் மூன்று நாள் தாங்கவில்லை.

நாங்கள் போன அன்று அவர் ஒரு துணி முடிச்சைக் காட்டினார்.

"இதுல இருக்குறதுதாம்மா கடைசி வெதை. மூணாம் வருசம் நடக்குது. இந்த ஆடிப் பட்டத்துக்கு நாத்து விடலைன்னா அடுத்த வருசம் இது முளைக்காது. கத்திரிக்கா போனா போகுது, நாட்டுல வேற கத்திரிக்காயா இல்ல? ஆனா நான் இன்னும் ஒக்காந்த எடத்துலயே இருக்க முடியாது ஆத்தா. எனக்கு நின்னுக்கிட்டு வேல பாக்குற மாதிரி ஒரு பாத்தி வேணும்."

மேடம் அவரைச் சுவரோரம் நிற்கவைத்தார். முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார். பிறகு கையை நீட்டச் சொல்லி, எட்டும் தூரத்தை அளந்தார். சுண்ணாம்பில் கோடு போட்ட பிறகுதான் நோட்டில் எழுதினார். "ஒரு மேசை ஒசரம் போதுமே மேடம்" என்றேன். "மேசையில யாரும் ஒரு மணி நேரம் களை எடுக்கறதில்ல மேஸ்திரி" என்றார்.

ஆறடி நீளம், இரண்டேகால் அடி அகலம், எட்டு அங்குல ஆழம், கீழே ஆறு கால். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. முதல் முறையாக அடிப்பலகை உள்ள பெட்டி! நனைந்த மண் ஒரு கறவை மாட்டின் எடை வரும். அதைத் தூக்கி நிறுத்துவது அசல் சென்ட்ரிங் வேலை. மேடம் படம் வரைந்து கொடுத்தார். அடிப்பலகைகளுக்கு இடையே கால் அங்குலம் இடைவெளி விடும்படி அதில் எழுதியிருந்தது.

எனக்கு அந்த இடைவெளியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. சந்து விட்டு அடித்த பலகையா? என் கையாலா? பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா? மண்ணெல்லாம் கீழே கொட்டாதா? படித்த பிள்ளை ஏதோ தெரியாமல் வரைந்துவிட்டது என்று எனக்குள் ஒரு எண்ணம். சந்தில்லாமல் பலகையை நெருக்கி அடித்தேன். தண்ணீர் போகத்தானே என்று நாலு மூலையிலும் நாலு துளை போட்டேன். டியூப் லெவல் வைத்து இம்மி பிசகாமல் மட்டம் பார்த்தேன். நிரப்பும் நாளில் மேடம் மணமேல்குடியில் வேறு வேலையில் இருந்தார். போனில் கேட்டார்.

"படத்துல உள்ளபடிதானே மேஸ்திரி?"

"அதைவிட நல்லாவே பண்ணியிருக்கேன் மேடம்."

இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் என் வாழ்நாளில் வேறு எதையும் கேட்க மாட்டேன்.

மண் இறங்கி, மறுபடி நிரப்பி, விதைப்பு நாள் வந்தது. அக்காள் முடிச்சை அவிழ்த்தார். விதையைச் சரிபாதியாகப் பிரித்தார். ஒரு பாதியை மறுபடி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். எனக்கு லேசாக வருத்தம்கூட. என் பெட்டி மேல் நம்பிக்கை இல்லையா என்று.

எட்டாம் நாள் முளைத்தது. அக்காளின் கணவர் சின்னையா, அதிகம் பேசாத மனிதர், அவரே போன் செய்து "வந்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பட்டறையில் எல்லோருக்கும் நான் வடை வாங்கிக் கொடுத்தேன்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டியது. மறுநாளும் கொட்டியது. அதற்கடுத்த நாள் காலையில் மறுபடி போன். இம்முறை அக்காள்.

"மேஸ்திரி, நான் ஒங்ககிட்ட நாத்தங்கால் கேட்டனா, தண்ணித்தொட்டி கேட்டனா?"

மேடமும் வசந்தியும் நானும் போய்ப் பார்த்தோம். அத்தனை நாற்றும் கழுத்தில் கறுத்து ஒடிந்து விழுந்து கிடந்தன. மேடம் மண்ணுக்குள் விரலை விட்டார். விரல் போன இடத்தில் தண்ணீர் ஊறியது. நான் குனிந்து பெட்டிக்கு அடியில் கையை வைத்துத் தடவினேன். பலகை எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. மூலைத் துளைகளை நார்த்தூள் அடைத்துவிட்டது. மட்டம் பார்த்து அடித்த அடிப்பலகையில் தண்ணீருக்கு ஓடவும் வழியில்லை. இருபத்தாறு வருடம் எந்தக் காய்ந்த தரையைப் பார்த்து நான் டீ குடித்தேனோ, அதே காய்ந்த தரை.

மேடம் என்னைப் பார்த்தார். 'ஐயா' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அக்கா," என்றேன், "மேடம் படத்துல சந்து விடச் சொல்லித்தான் வரைஞ்சிருந்தாங்க. நான்தான் அடைச்சேன். தப்பு என்னோடது."

முத்துலெட்சுமி அக்காள் கோலை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தண்ணி ஒழுகணும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியலங்க. இருவத்தாறு வருசமா ஒழுகக் கூடாதுன்னே வேல பாத்துட்டேன்."

முதலில் அவர் உதடு துடித்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாடி, வலிக்குதே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வசந்தியும் சேர்ந்துகொண்டாள். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும் அக்காள் இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "ஆனி பொறக்க நாளு நாலுதான் இருக்கு. அதுக்குள்ள போட்டாத்தான் ஆடிக்குள்ள நடமுடியும். இதுவும் போச்சுன்னா அம்புட்டுத்தான்" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

"வாங்க மேஸ்திரி, வண்டியில இருக்குற சாமானை எறக்குங்க" என்றார் மேடம். வெறும் 'மேஸ்திரி'தான். அதற்காக அவருக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன், மனதுக்குள்.

மண்ணை அள்ளி வெயிலில் பரப்பினோம். அழுகிய வாடை போக அதை இரண்டு நாள் கிளறிக் கிளறிக் காயவைத்தாள் வசந்தி. வாசலில் ஒரு மண்வெட்டி அகலத்துக்குக்கூட நடக்க இடமில்லை. அக்காள் கோலை நீட்டி, "அங்கிட்டு கட்டி கெடக்கு பாரு, இங்கிட்டு ஈரமா இருக்கு பாரு" என்று வேலை வாங்கிக்கொண்டே இருந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவருக்கு அதட்ட ஆட்கள் கிடைத்திருந்தோம். முகமே மாறிவிட்டது.

நான் அடிப்பலகையைக் கழற்றினேன். பிரிப்பது எனக்குப் புதிதில்லை, ஆனால் அன்று ஒவ்வொரு ஸ்க்ரூவும் என்னைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தது. மறுபடி அடிக்கும்போது பலகைக்கும் பலகைக்கும் நடுவே கால் அங்குலக் குச்சி வைத்து, அடித்து, குச்சியை உருவினேன். ஒரு பக்கத்துக் கால்களை அரை அங்குலம் அறுத்து லேசாகச் சாய்வு கொடுத்தேன். சந்து வழியாக வெளிச்சம் தெரிந்தது. எனக்கு இன்னும் அது அசிங்கமாகத்தான் தெரிந்தது. "மேடம், மட்டைக்கும் மட்டைக்கும் நடுவுல நார்த்தூள் கீழே எறங்கி மறுபடி அடைக்காதா?" என்று கேட்டேன். மேடமும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

அதுவரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த சின்னையா எழுந்தார். கொல்லைக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து ஒரு கட்டுப் பன்னாடையோடு வந்தார். தென்னங்குருத்தைச் சுற்றி வலை மாதிரிச் சல்லடையாகப் பின்னிக் கிடக்குமே, அது. பானையில் கள்ளை வடிகட்ட அதைத்தான் வைப்பார்கள். பெட்டிக்குள் அதை விரித்துக் காட்டி, "இது விடும், ஆனா விடாது" என்றார். அவர் அன்று பேசியது அவ்வளவுதான். தண்ணீரை விடும், மண்ணை விடாது. மேடம் அவரைக் கும்பிடாத குறை. நாங்கள் மூவரும் சேர்ந்து யோசித்தும் வராதது அந்த மனிதர் கொல்லையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பன்னாடையை இரண்டு அடுக்கு விரித்தோம். மேலே மட்டை, இலை, கலவை. மேடம் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். பெட்டி நிறைந்தது. மண் இறங்க ஒரு வாரம் விட இந்த முறை நாளில்லை. இப்போது தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும்.

நான் துண்டை உதறித் தரையில் விரித்துப் பெட்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தேன். "எதுக்குண்ணே?" என்றாள் வசந்தி. "ஊத்து" என்றேன். பூவாளியில் முதல் குடம் ஊற்றினாள். நான் பலகைச் சந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது குடம். ஒன்றுமில்லை. "மேஸ்திரி, தூங்கிட்டீங்களா?" என்று அக்காள் கேட்டார். மூன்றாவது குடத்தில் பாதி போயிருக்கும். நடுப் பலகைச் சந்தில் ஒரு கண்ணாடி மணி திரண்டது. திரண்டது, தொங்கியது, என் நெற்றியில் விழுந்தது. அடுத்தது மூக்கில். பிறகு இங்கும் அங்கும், வரிசையாக, ஆறடி நீளத்துக்கும்.

"ஒழுகுது!" என்று கத்தினேன். "மேடம், ஒழுகுது! எல்லாப் பக்கமும் ஒழுகுது!"

என் தொழிலில் இந்த வார்த்தையை இவ்வளவு சந்தோஷமாக வேறு எவனும் கத்தியிருக்க மாட்டான். வசந்தி வேண்டுமென்றே நாலாவது குடத்தையும் என் மேலேயே குறி பார்த்து ஊற்றினாள். நான் எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு அப்படியே கிடந்தேன்.

அக்காள் அன்றைக்கே விதைக்கவில்லை. மறுநாள் காலையில் குளித்து, ஈரத் தலையோடு வந்து, பெட்டியின் முன்னால் நின்றார். சுவரில் அளந்த உயரம் மிகச் சரியாக இருந்தது. முடிச்சை அவிழ்த்து, சாம்பல் கலந்து, விரல் நுனியால் வரிசை கீறி, மீதிப் பாதியையும் போட்டார். திரும்ப முடிந்துகொள்ள ஒன்றுமில்லை. காலித் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த எட்டு நாளும் நான் மனிதனாகவே இல்லை. பாக்கியத்தைக் கேட்டால் சொல்வாள். வானம் கறுத்தால் எனக்கு வயிறு கறுக்கும். எட்டாம் நாள் போன் வரவில்லை. ஒன்பதாம் நாளும் வரவில்லை. பத்தாம் நாள் பொறுக்க முடியாமல் நானே பேருந்து ஏறிப் போனேன். அக்காள் பெட்டிக்கு முன்னால் நின்று களை எடுத்துக்கொண்டிருந்தார். கோல் பெட்டியில் சாய்ந்திருந்தது. அவர் இரண்டு கையையும் மண்ணில் வைத்திருந்தார்.

"ஏன்க்கா போன் பண்ணல?"

"எங்க நேரம் இருக்கு? வேல கெடக்குது" என்றார்.

பழைய விதை, எல்லாம் முளைக்கவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்திருந்தது. இரண்டு நாள் மழை பெய்தது. பெட்டி கீழே ஒழுகியது, நாற்று மேலே நின்றது. ஆடியில் திருமயம் சந்தைக்கு அவர் கட்டுக் கட்டாகக் கொண்டுபோனார். நானும் மேடமும் போயிருந்தோம். எங்களைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஒருவரோடு பேரம் பேசுவதைத் தொடர்ந்தார். இரண்டு வருடமாகக் கேட்காத குரல் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். அத்தனையையும் விற்கவில்லை. நல்லதாக இருபது நாற்றைப் பிரித்துத் தன் கொல்லையிலேயே நட்டுக்கொண்டார்.

மாசியில் எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். மேடத்துக்கு வர முடியவில்லை, நான் மட்டும் போனேன். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. அதன் ருசியை எழுத எனக்குப் படிப்புப் போதாது. கை கழுவிவிட்டு வந்தபோது அக்காள் முறத்தில் புது விதையைப் பரப்பியிருந்தார். பழுத்து மஞ்சளான காய்களை அறுத்து, கழுவி, சாம்பல் புரட்டி, நிழலில் உலர்த்தியது. இரண்டு துணியை எடுத்தார். விதையைச் சரிபாதியாகப் பிரித்தார். ஒன்றை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். இன்னொன்றை முடிந்து என்னிடம் நீட்டினார்.

"இது ஒங்ககிட்ட இருக்கட்டும் மேஸ்திரி. என் வீட்டுல மட்டும் இருந்தா எனக்கு ஏதும் ஆனா போச்சு."

"என்கிட்டயாக்கா? மேடம் படிச்சவங்க. அவங்ககிட்ட..."

"படிச்சவங்களுக்கு நூறு வெதை. நீங்கதானே ஒரு தடவ கெடுத்தீங்க? கெடுத்தவருக்குத்தான் பயம் இருக்கும். பயம் இருக்குறவரு பத்திரமா வச்சுக்குவாரு. புடிங்க."

வாங்கிக்கொண்டேன். திருமயத்தில் புதுக்கோட்டைப் பேருந்து ஏறினேன். உட்கார இடம் இருந்தது. முடிச்சைச் சட்டைப் பையில் வைக்க மனம் வரவில்லை, வேட்டி மடிப்பில் வைக்கவும் பயமாக இருந்தது. இரண்டு கையாலும் மடியில் பொத்தி வைத்துக்கொண்டேன். நடத்துநர் வந்து டிக்கெட் என்றார். பக்கத்தில் இருந்தவரிடம், "தம்பி, என் சட்டைப் பையில காசு இருக்கு, கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றேன். கையில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை ஊர் வந்து சேரும்வரை என் மேல் யாரும் இடிக்காமல் பார்த்துக்கொண்டான்.